தவறிய பார்சல் எங்கே காத்திருக்க வேண்டும்?

வாங்க ஆளில்லாமல் ஒரு பார்சல் திரும்பிப் போவதைச் சின்ன விஷயமாகத்தான் பலரும் நினைக்கிறோம். நாளைக்கு மறுபடி வரும். வராவிட்டால் அஞ்சலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பகலில் யாராவது ஒருவர் இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தும். காலையில் பூட்டிய கதவை இரவில்தான் திறக்க முடிகிற வீட்டுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டு நகரங்களில் அப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு பெருகிவிட்டன. ஆனால், கடிதமும் பார்சலும் கொடுக்கும் ஏற்பாடு, வீட்டில் எப்போதும் ஒரு பெண்ணோ பெரியவரோ இருப்பார் என்ற பழைய நம்பிக்கையிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். அவர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு அஞ்சல்காரர் வருவது பகல் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ. அஞ்சலகக் கவுன்டர் மாலைக்குள் மூடிவிடும். சனிக்கிழமை இருவருக்கும் வேலை நாள், ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறை. வாரத்தின் எந்த நாளிலும் இந்த இரண்டு நேரமும் ஒன்றோடொன்று சேர்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தையல் தொழிலாளி, மகளின் பட்டச் சான்றிதழை வாங்குவதற்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அஞ்சலகத்துக்குப் போனார். அவர் போய் நின்றபோது, அந்த உறை இரண்டாவது முயற்சிக்காக அஞ்சல்காரரின் பையில் ஏறி அவருடைய தெருவுக்கே போயிருந்தது. அங்கே கதவு மறுபடியும் பூட்டியிருந்தது. “பீட் சுற்று முடிந்து திரும்பி வந்ததும், மூன்று மணிக்கு மேல் வாங்கம்மா” என்றார்கள். அரைநாள் முழுநாள் ஆனது. அங்கே யாரும் விதியை மீறவில்லை, யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்த ஒரு நாளில், அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

சீட்டில் தொங்கும் ஏழு நாள்

விதி தெளிவாகவே இருக்கிறது. கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய தபாலைக் கொண்டுபோன இடத்தில் வீடு பூட்டியிருந்தால், அஞ்சல்காரர் இன்டிமேஷன் சீட்டு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். பொருள் அஞ்சலகத்தில் ஏழு நாள் டெபாசிட்டில் இருக்கும். அதற்குள் உரியவர் அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். வேறொருவரை அனுப்பினால் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். ஏழு நாள் கழிந்தால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு துண்டுச் சீட்டில் தொங்குகிறது. சீட்டு வைக்கப்படவில்லை என்றாலோ, காற்றில் பறந்துவிட்டது என்றாலோ, மாடியில் நான்கு குடித்தனம் இருக்கும் வீட்டில் கீழ்ப்படியில் கிடந்து மிதிபட்டது என்றாலோ, உரியவருக்குச் செய்தியே தெரியாமல் ஏழு நாளும் ஓடிவிடும். ‘செல்போனில் டிராக்கிங் பார்க்கலாமே’ என்று கேட்பவர்கள், நாமே காசு கொடுத்து வாங்கிய பொருளை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். வங்கியோ நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பும் உறை வருகிறது என்பதே பல நேரம் நமக்குத் தெரியாது; அதன் எண் நம்மிடம் இருக்க வழியில்லை. அனுப்புகிறவர் நமது கைபேசி எண்ணை எழுதியிருந்தால்தான் குறுஞ்செய்தி வரும்.

இப்படித் திரும்பிப் போகும் உறைகளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில்தான் வருகிறது. உரியவர் கையில் கொடுக்க முடியாவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் நேரில் தராமல் விரைவு அஞ்சல் வழியாகவே அனுப்பும் முறையை 2024 பிப்ரவரி இறுதியில் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை கொண்டுவந்தது. ஆர்டிஓ அலுவலக வாசலில் இடைத்தரகர்களை ஒழிக்க அது நல்ல முடிவு. ஏடிஎம் கார்டு, வாக்காளர் அட்டை, பான் கார்டு என எல்லாமே இன்று தபாலில் வீடு தேடி வருகின்றன. அரசும் வங்கிகளும் தங்கள் கவுன்டர்களை மூடி, அந்த வேலையை நம் வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டன. வாசலில் அந்த நேரம் ஆள் இருக்க முடியுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

சட்டத்தின் பார்வையில் பூட்டிய கதவு

வெறும் அலைச்சல் என்று இதை ஒதுக்கிவிட முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. காசோலை திரும்பிய வழக்கில், பணம் தர வேண்டியவருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் அவர் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றம் இல்லை. அந்த நோட்டீஸ் ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு திரும்பினால் என்ன ஆகும்? சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. சி.சி.அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ‘வாங்க மறுத்தார்’, ‘வீட்டில் இல்லை’, ‘வீடு பூட்டியிருந்தது’, ‘கடை மூடியிருந்தது’ போன்ற குறிப்புகளோடு திரும்பிய நோட்டீஸும் சேர்ந்ததாகவே கருதப்படும் என்றது. தனக்கு வரவே இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பெற வேண்டியவருடையது. நோட்டீஸ் கிடைக்காதவர், நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்கலாம் என்ற வழியையும் அதே தீர்ப்பு திறந்து வைத்தது.

நீதிமன்றத்தின் நியாயம் புரிகிறது. கடன் வாங்கிவிட்டு, தபாலைத் தவிர்த்தே காலம் தள்ளுபவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால், அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அஞ்சல்காரர் உண்மையிலேயே போனார், உண்மையிலேயே கதவு பூட்டியிருந்தது, வந்து வாங்கிக்கொள்ள நியாயமான வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்ற நம்பிக்கை. மூன்றும் உண்மையாக இருந்தால் மட்டுமே அந்தத் தீர்ப்பு நியாயமாக நடக்கும். ஒரு மனிதரின் சட்ட உரிமையைத் தீர்மானிக்கக்கூடிய அந்தக் குறிப்பை ஒரு தரப்பு மட்டும் எழுதுகிறது. எழுதப்பட்டதை அன்றே பார்க்கவோ மறுக்கவோ மறுதரப்புக்கு எளிய வழி ஏதும் இல்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டமும், விதிகளில் குறிப்பிட்டதைத் தவிர சேவை தொடர்பான எந்தப் பொறுப்பும் துறைக்குக் கிடையாது என்றே சொல்கிறது. பொறுப்பு இவ்வளவு குறைவாக இருக்கும்போது, குறிப்பு எழுதும் முறையாவது கறாராக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது நகரத்தின் கதை. கிராமத்தின் நிலைமை வேறு. நாட்டின் 1.64 லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு கிராமங்களில்தான் இருக்கின்றன. கிளை அஞ்சலகம் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம்தான் திறந்திருக்கும். அங்கே வேலை பார்க்கும் கிராம அஞ்சல் ஊழியருக்கு இன்னும் முழுநேர ஊழியர் என்ற தகுதி தரப்படவில்லை. இருந்தும், கடிதம் தவறுவது அங்கே குறைவு. வீடு பூட்டியிருந்தால் ஆள் எந்த வயக்காட்டில் இருப்பார், நூறுநாள் வேலை எந்தக் கண்மாயில் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே போய்க் கொடுத்துவிட்டு வருவார். நகரத்தில் பீட்டுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும்போது இந்த அறிவு சேர்வதில்லை. போதாக்குறைக்கு, பல அஞ்சலகங்களின் விநியோகத்தை ஒரே மையத்தில் சேர்க்கும் வேலை நகரங்களில் நடந்துவருகிறது. பார்சல் பிரிப்பதற்கும் வண்டி அனுப்புவதற்கும் அது வசதி. தவறிய பொருளைத் தேடிப் போகிறவருக்கோ, நடந்து போகும் தூரத்தில் இருந்த இடம் பஸ் ஏறிப் போகும் தூரமாகிறது.

பைக்கில் வரும் தம்பியின் கணக்கு

தனியார் கூரியரிலும் இணையக் கடைகளிலும் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பெரும்பாலான இடங்களில் பார்சல் கொண்டுவரும் இளைஞருக்குக் கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் காசு. ஆளில்லாத வீட்டுக்குப் போய் வந்த பெட்ரோலும் நேரமும் அவர் தலையில் விழும். மாலைக்குள் பையில் இருக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஏதாவது ஒரு பதிவைப் போட்டுத்தான் கணக்கை முடிக்க முடியும். அதனால்தான் வாசலிலேயே உட்கார்ந்திருந்த நாளிலும் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று செய்தி வருகிறது. எனக்கும் அப்படி வந்திருக்கிறது, கோபமும் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை அந்தத் தம்பியின் மேல் இறக்குவது அநியாயம். நடக்காத முயற்சியை நடந்ததாகப் பதியத் தூண்டுவது அவருடைய கூலி முறை. கூலியை மாற்றாமல் பதிவைத் திருத்த முடியாது.

தமிழ்நாட்டில் இணையவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 2023-இல் அமைக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, இந்தத் தொழிலாளர்களைச் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவந்திருக்கிறது. வாரியம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, தவறிய முயற்சிக்குக் கூலி உண்டா என்பதுதான்.

இந்தக் குழப்பத்தில் மோசடிக்காரர்களும் நுழைந்துவிட்டார்கள். ‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யுங்கள்’ என்று அஞ்சல் துறையின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி நாடெங்கும் சுற்றியது. இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-இல் எச்சரித்தது. அந்த இணைப்பைத் தொட்டவர்களிடம் சிறு தொகை கேட்டு, கார்டு விவரத்தைப் பறிப்பதுதான் தந்திரம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உண்மையான சேவை எந்தத் தகவலும் சொல்லாமல் விட்டுவைத்த இடத்தில்தான் இந்தப் போலிச் செய்தி எடுபடுகிறது. முகவரியை மாற்றவோ மறுநாள் கேட்கவோ எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழி இருந்திருந்தால், மற்ற எதையும் மக்கள் எளிதில் சந்தேகித்திருப்பார்கள்.

நேரத்தைக் கேட்காத தொழில்நுட்பம்

அஞ்சல் துறை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடு, இன்றும் நம் முகவரியின் முதுகெலும்பு. 2025-இல் டிஜிபின் வந்தது. நாட்டையே ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி பதிவுத் தபால், விரைவு அஞ்சலோடு இணைந்தது. உரியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால் கூடுதலாக 5 ரூபாயும் வரியும். ஓடிபி சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாலும் அதே தொகை. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். வீடு எங்கே இருக்கிறது, வாங்குகிறவர் சரியான ஆள்தானா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த ஆள் எப்போது வீட்டில் இருப்பார் என்ற மூன்றாவது கேள்வியை இவற்றில் எந்தத் திட்டமும் தொடவில்லை. ஓடிபி இன்னும் ஒரு நெருக்கடியைச் சேர்த்திருக்கிறது. தொழிற்சாலை வாசலில் கைபேசியை வாங்கி வைத்துவிடும் இடங்களில் வேலை பார்ப்பவர், வீட்டில் மாமியார் இருந்தாலும் எண்ணைச் சொல்ல முடியாமல் பார்சலைத் தவறவிடுகிறார்.

ஜப்பான் இந்த மூன்றாவது கேள்வியைத் தேசியப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டது. அங்கே பார்சல்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் இரண்டாவது முறை கொண்டுபோக வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று சட்டம் வரம்பு போட்டதும், வீணாகும் பயணங்களைக் குறைத்தே தீர வேண்டிய கட்டாயம் வந்தது. போக்குவரத்து அமைச்சகம் மறுவிநியோக விகிதத்தை முறையாகக் கணக்கெடுத்து வெளியிட்டு, அதை 6 விழுக்காட்டுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. மாலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது, இரவெல்லாம் திறந்திருக்கும் கடையில் வாங்கிக்கொள்வது, ரயில் நிலையப் பெட்டகத்தில் எடுத்துக்கொள்வது எனப் பல வழிகள் அங்கே சாதாரணமாகிவிட்டன. ஜெர்மனியில் 2001 முதலே எந்நேரமும் திறந்து எடுக்கக்கூடிய பார்சல் பெட்டகங்கள் இருக்கின்றன. அந்தப் பெட்டகங்களை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நான் ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது ஒன்றுதான்: எத்தனை பார்சல் முதல் முறை கொடுக்க முடியாமல் போகிறது என்பதை அளந்து, ஊருக்குச் சொல்வது. நம் அஞ்சல் கோட்டம் ஒவ்வொன்றும் இதை மாதந்தோறும் வெளியிட்டால், எந்தப் பேட்டையில் எந்த நேரத்துக்குக் கதவுகள் பூட்டியிருக்கின்றன என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

நம் ஊரில் தவறிய பார்சலைக் காப்பாற்றுவது ஏற்கெனவே ஒரு பெரிய வலைதான். எதிர் வீட்டு அக்கா, வாட்ச்மேன் அண்ணன், முனையில் இஸ்திரி போடுபவர், பெட்டிக்கடைக்காரர். அவர்கள் காசு வாங்குவதில்லை. அந்த நல்லெண்ணத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால், அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. போன மாதம் குடிவந்த வடமாநிலத் தொழிலாளிக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும், வீட்டு உரிமையாளரோடு மனக்கசப்பு உள்ள குடித்தனக்காரருக்கும் அந்த வலை இல்லை. வங்கி நோட்டீஸும் விவாகரத்து சம்மனும் மாத்திரைப் பொட்டலமும் பக்கத்து வீட்டு மேசையில் கிடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஒருவரின் தனிப்பட்ட விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த உறை காத்திருக்க ஒரு பொது இடம் வேண்டும்.

அந்த இடத்துக்கு என்னுடைய யோசனை, கிளை நூலகம். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பலவும் மாலையில் திறந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை திறந்து வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் வழக்கமும் அங்கே உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வேறெந்த அரசு அலுவலகத்திலும் இல்லை. ரேஷன் கடையைப் பலரும் சொல்வார்கள்; ஏற்கெனவே சுமை தாங்க முடியாமல் இருக்கும் விற்பனையாளரின் மீது இதையும் ஏற்றக் கூடாது. நூலகத்தில் ஒரு பூட்டிய அலமாரி, ஒரு ஸ்கேனர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து மாலை நேரத்துக்கு ஊதியத்தோடு ஒருவர் இருந்தால் போதும். ஒவ்வொரு உறைக்கும் அஞ்சல் துறை ஒரு சிறு கட்டணம் கொடுக்கலாம். மாநில அரசின் கட்டிடமும் மத்திய அரசின் துறையும் சேர வேண்டும் என்பதால் இதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். பரவாயில்லை, கோவையிலோ திருப்பூரிலோ ஒரு வார்டில் தொடங்கிப் பார்க்கலாம்.

காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதியும்போது, கையில் இருக்கும் கருவியில் அந்த வாசலின் படமும் இடமும் நேரமும் சேர வேண்டும். அனுப்பியவரும் பெறுபவரும் அதைப் பார்க்க முடிய வேண்டும். நேர்மையாக வேலை செய்யும் அஞ்சல்காரருக்கு இது பாதுகாப்புதான். இன்டிமேஷன் சீட்டு தமிழில், எந்த அலுவலகம், எத்தனை மணிக்கு, எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். நோட்டீஸோ அரசு ஆவணமோ அனுப்புகிற அலுவலகங்கள் பெறுபவரின் கைபேசி எண்ணை உறையில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். நீங்கள் வீட்டில் இருந்த நாளில் ‘பூட்டியிருந்தது’ என்று பதிவாகியிருந்தால் அன்றைக்கே புகார் எழுதுங்கள். அஞ்சல் துறைக்கு 1800 266 6868, இணையக் கடை என்றால் அதன் குறைதீர் அலுவலர், அதற்கும் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் பார்சல் கைக்கு வந்துவிட்டாலும் எழுதுங்கள். அந்தத் தவறான பதிவு நாளை வேறொருவரின் நோட்டீஸில் விழக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மாவட்டத்தின் ஒவ்வொரு தலைமை அஞ்சலகத்திலும் தவறிய தபாலைக் கொடுக்கும் கவுன்டர் ஒன்று இரவு எட்டரை வரையிலும், ஞாயிறு காலையிலும் திறந்திருக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய கட்டிடம் வேண்டாம். கூடுதல் ஊழியரும் அவருக்கு உரிய ஊதியமும் வேண்டும். அதற்குத் துறையின் ஓர் ஆணை போதும்.